ரிப்போர்ட் நார்மல், நாலு வாய்க்கு மேல இறங்கல்ல

சித்தி மகளுக்க கல்யாணம், திங்கள்சந்தை பக்கத்துல ஒரு மண்டபம், நானும் அக்காவும் ரெண்டாம் பந்தியில பக்கத்து பக்கத்துல உக்காந்திருந்தோம். பருப்பு ஊத்தி நெய் விட்டு அப்பளத்த நொறுக்கி போட்டு பிசைஞ்சு ஒரு நாலு வாய் சாப்பிட்டிருப்போம், சாம்பார் வாளி இன்னும் எங்க வரிசைக்கே வரல்ல, அக்கா என் முழங்கைய தட்டி "எனக்கு போதும் பிள்ளே, நெஞ்சு வர நெறஞ்சிட்டு"ன்னு சொல்லுதா. எனக்கும் அந்த நேரம் அப்படித்தான் இருந்துச்சு, மேல்வயித்துல கல்லு வச்ச மாதிரி. இலைய மூடிட்டு எந்திரிச்சா கல்யாண வீட்டுக்காரங்க வருத்தப்படுவாங்கன்னு ரெண்டு பேரும் சோத்த அளைஞ்சிட்டே இருந்தோம், பிரதமன் வந்தப்போ எதுத்த வரிசையில இருந்த மாமி "என்ன பிள்ளேளா ரெண்டும் டயட்டா, பிரதமன விட்டா பின்ன எப்ப"ன்னு கேட்டாவ. பாசமா கேட்டது தான். அக்காவுக்கு கண்ணு கலங்கிட்டு.

அன்னிக்கு ராத்திரி தான் இத எழுதணும்னு தோணிச்சு. எனக்கு ஆறு வருஷமா இந்த தொந்தரவு, அக்காவுக்கு நாலு வருஷம். ரெண்டு பேரும் சொல்ற கம்ப்ளெயின்ட் கிட்டத்தட்ட ஒண்ணு தான், கொஞ்சம் சாப்பிட்டாலே நெறஞ்சு போறது, சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆனாலும் அது அங்கேயே கெடக்குற மாதிரி இருக்குறது, குமட்டல், ஏப்பம். ஆனா ஃபைல்ல என் நோய்க்கு பேரு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா, அக்கா நோய்க்கு பேரு கேஸ்ட்ரோபரேசிஸ், அதாவது அடைப்பு எதுவும் இல்லாமலே வயிறு மெதுவா காலியாகுறது. இந்த ரெண்டு நோய்க்கும் உள்ள தூரம் எவ்வளவுன்னு தேடிப் படிச்சு படிச்சு எனக்கு புரிஞ்சத சொல்றேன். நான் டாக்டர் இல்ல, ஸ்கூல்ல கணக்கு எடுக்குற டீச்சர், அதனால எந்த ஆராய்ச்சிய பாத்தாலும் மொதல்ல எத்தன பேரு, அதுல எத்தன சதவீதம்னு தான் கண்ணு போகும்.

நம்ம ஊர்ல மேல்வயிறு வலிச்சா ரெண்டே ரெண்டு பேரு தான், ஒண்ணு கேஸ், இன்னொண்ணு அல்சர். அல்சர்ங்கற வார்த்தை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இவ்வளவு ஊறிப்போனதுக்கு ஒரு காரணம் உண்டு. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில 1920கள்ல இருந்து டி. ஹோவர்ட் சோமர்வெல்னு ஒரு சர்ஜன் இருந்தாரு, 1922-லயும் 1924-லயும் எவரெஸ்ட் ஏறப்போன குழுவுல இருந்தவரு, மலைய பாக்க வந்த மனுஷன் நம்ம ஊரு நோயாளிங்க கூட்டத்த பாத்துட்டு இங்கேயே வேலைக்கு வந்துட்டாரு. அந்த காலத்துல தென் திருவிதாங்கூர்ல முன்சிறுகுடல் புண் அவ்வளவு அதிகம், அதுக்கு ஆபரேஷன் பண்ணிக்க எங்கெல்லாமோ இருந்து ஆளு நெய்யூருக்கு வரும். எங்க தாத்தாவும் பின்னால அங்க தான் வயித்த தொறந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டாவ, அந்த தழும்ப சின்ன வயசுல தடவி பாத்திருக்கேன். அந்தப் புண்ணு ஆறி தழும்பாகி வயித்தோட வாசல அடைச்சா சாப்பாடு உள்ளேயே தங்கி வாந்தியா வரும், அது உண்மையான அடைப்பு, கண்ணால பாக்கலாம், கத்தி வச்சு சரி பண்ணலாம். அதப் பாத்து வளந்த குடும்பம்ங்கறதால எனக்கு வந்தப்போ அம்மாவும் "தாத்தாவுக்குள்ள அல்சர் தான் மக்களே, வேளாவேளைக்கு தின்னாதனால"ன்னு முடிவு கட்டிட்டாவ.

எண்டோஸ்கோப்பி பண்ணினோம். அல்சரும் இல்ல, அடைப்பும் இல்ல, எல்லாம் நார்மல். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், அங்க ரிப்போர்ட்ட பாத்த டாக்டர் என் மூஞ்சிய பாக்காமலே "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, டென்ஷன கொறைங்க, அடுத்த ஆள வரச்சொல்லுங்க"ன்னாரு. வெளிய வந்து வடசேரி பஸ் ஸ்டாண்டுல பெஞ்சுல உக்காந்து அழுதேன். புண்ணு இல்லன்னு சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல ஏன் அழுதேன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு, எனக்கு அப்போ சொல்ல தெரியல்ல. இப்போ தெரியுது, ஆறு கிலோ கொறஞ்சு போய், பகல் பூரா கிளாஸ்ல நிக்க முடியாம இருக்குற ஒருத்திகிட்ட ஒண்ணும் இல்லன்னு சொன்னா அவ பொய் சொல்றான்னு சொல்றதுக்கு சமம்.

அந்த ரிப்போர்ட்ல உள்ள நார்மல் தான் நோய கண்டுபிடிக்கிறதுல ஒரு படின்னு பின்னால தான் தெரிஞ்சுது. உலகம் பூரா உள்ள குடல் டாக்டர்கள் ரோம் அளவுகோல்னு ஒண்ணு வச்சிருக்காங்க, நாலாவது பதிப்பு 2016-ல வந்தது. சாப்பிட்ட பின்ன தொந்தரவு பண்ற அளவு வயிறு நெறஞ்சு கெடக்குறது, சாப்பாட்ட முடிக்க முடியாம சீக்கிரம் நெறஞ்சு போறது, மேல்வயித்து வலி, மேல்வயித்து எரிச்சல், இந்த நாலுல ஒண்ணாவது இருக்கணும், மூணு மாசமா இருக்கணும், ஆரம்பிச்சு ஆறு மாசமாவது ஆகியிருக்கணும், எண்டோஸ்கோப்பியில அதுக்கு காரணம்னு சொல்ற மாதிரி எதுவும் இருக்கப்படாது. இதெல்லாம் சேந்தா அது ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா. அதுலயும் சாப்பாட்டோட சேந்து வர்ற நெறைவு ஒரு வகை, வலி எரிச்சல் இன்னொரு வகை, ரெண்டும் கலந்து வர்ற என்ன மாதிரி ஆளுங்களும் உண்டு. 33 நாடுகள்ல எடுத்து 2021-ல வந்த பெரிய சர்வேல கிட்டத்தட்ட 7 சதவீதம் பெரியவங்களுக்கு இது இருக்குன்னு வந்துருக்கு. எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல 28 பேரு, கணக்குப்படி என்ன சேத்து ரெண்டு பேருக்காவது இருக்கணும், இன்னொருத்தங்க யாருன்னு எனக்கு தெரியும், அவங்களும் பல வருஷமா கேஸ் மாத்திரை தான் போட்டுட்டு இருக்காங்க.

சரி, புண்ணு இல்லன்னா பின்ன என்ன தான் கெட்டுப்போச்சு? எனக்கு இது புரிஞ்சது பேச்சிப்பாறை டேம நெனச்சு பாத்தப்போ தான். மழைத்தண்ணி வந்தா அணை அத தாங்கணும், மதகு வழியா கால்வாய் தாங்குற அளவு மட்டும் விடணும், கால்வாய் நெறஞ்சிருக்குன்னு கீழ இருந்து தகவல் வந்தா ஷட்டர இறக்கணும். வயித்துலயும் இப்படி தான். சாப்பாடு உள்ள வந்ததும் வயித்தோட மேல்பாகம் தளர்ந்து இடம் குடுக்கணும், இது மூளைக்கும் வயித்துக்கும் நடுவுல ஓடுற வேகஸ் நரம்பு வழியா தானா நடக்குற காரியம். கீழ்பாகம் நிமிஷத்துக்கு மூணு தடவை அலை மாதிரி சுருங்கி அம்மியில அரைக்கிற மாதிரி அரைக்கணும், ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் அளவுக்கு பொடியான பின்ன தான் வாசல் வழியா வெளிய விடும். அந்த மூணு தடவைங்கற தாளத்த போடுறது கஹால் செல்கள்னு ஒரு வகை செல், ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சாண்டியாகோ ரமோன் இ கஹால் பேருல உள்ளது. அப்புறம் முன்சிறுகுடல், அதுக்கு கொழுப்பு வந்து சேந்தா ஹார்மோன் வழியா "மேல நிறுத்து"ன்னு வயித்துக்கு தகவல் அனுப்பும், அதனால தான் தேங்காப்பால் ஊத்தின சாப்பாடு இறங்க அவ்வளவு நேரம் எடுக்குது.

இதுல எந்த இடத்துல பிசகினாலும் நமக்கு வெளிய தெரியுறது ஒரே மாதிரி தான், "நெறஞ்சு போச்சு, இறங்கல்ல". பெல்ஜியத்துல லூவன்ல யான் டாக்ங்கற டாக்டரோட குழு 1998-லயே வயித்துக்குள்ள ஒரு பலூன வச்சு அளந்து பாத்து, ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா உள்ளவங்கள்ல 40 சதவீதம் பேருக்கு மேல்பாகம் சரியா தளரல்ல, அவங்களுக்கு தான் சீக்கிரம் நெறஞ்சு போறதும் எடை கொறையறதும் அதிகம்னு எழுதினாங்க. என் ஆறு கிலோவ நான் அங்க தான் வச்சு பாத்தேன். இன்னொரு பக்கம் நிக்கோலஸ் டாலின்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர், அவரோட குழு வட ஸ்வீடன்ல சாதாரண ஊர் ஜனங்ககிட்ட எடுத்த பயாப்ஸிய வச்சு 2007-ல சொன்னது, வயித்துல ஒண்ணும் இல்ல, அதுக்கு அடுத்த முன்சிறுகுடல்ல இயோசினோஃபில் செல்கள் கூடுதலா இருக்குன்னு. நம்ம ஊர்ல ஈஸ்னோபீலியான்னு சொல்லி தும்மலுக்கும் வீசிங்குக்கும் ரத்தத்துல பாப்பாங்களே, அதே செல்லு தான். 2014-ல லூவன் குழுவும் அந்த முன்சிறுகுடல் தோல்ல மெல்லிசா ஒரு அழற்சியும் கசிவும் இருக்குன்னு காட்டினாங்க. இதெல்லாம் எண்டோஸ்கோப்பி கேமராவுல தெரியாது, துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சு எண்ணினா தான் தெரியும். ஆக கேமராவுல பாத்து நார்மல்னு சொன்னது பொய்யில்ல, கேமராவால பாக்க முடிஞ்சது அவ்வளவு தான்.

அக்கா கதை வேற வழியில போச்சு. அவளுக்கு 17 வருஷமா சுகர், இன்சுலின் போடுறா. கருங்கல்ல அவ வீட்டுல ஒரு நாள் மத்தியானம் ஒண்ணரை மணிக்கு சோறு தின்னு அரை மணி நேரத்துல வேர்த்து விறுவிறுத்து அடுக்களையிலேயே சரிஞ்சிட்டா, மெஷின்ல பாத்தா சுகர் 52. சோறு தின்ன பின்ன எப்படி லோ ஆகும்னு மருமகன் பயந்து போய் சர்க்கரை தண்ணி குடுத்தான். அதே நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு 310. ஒரு வருஷம் இப்படியே ஏறுறதும் இறங்குறதுமா போச்சு, எல்லாரும் அவள தான் திட்டினோம், ஒளிச்சு வச்சு இனிப்பு திங்கான்னு நானே சொல்லியிருக்கேன். இத எழுதும்போது எனக்கு அவ்வளவு வேதனையா இருக்கு. நடந்தது என்னன்னா இன்சுலின் சரியான நேரத்துக்கு வேலைய ஆரம்பிச்சிட்டு, சோறு இன்னும் வயித்துலயே கெடக்கு, ரத்தத்துக்கு வரல்ல, அதனால லோ. மூணு நாலு மணி நேரம் கழிச்சு சோறு மெல்ல இறங்கும்போது இன்சுலின் தீந்து போச்சு, அதனால ஹை. சுகர் ஏறினா அதுவே வயித்த இன்னும் மெதுவாக்கும், அப்படி ஒண்ண ஒண்ணு இழுத்துட்டு போகும். வருஷக்கணக்கா சுகர் உள்ளவங்களுக்கு லோவும் ஹையும் இப்படி காரணம் தெரியாம மாறி மாறி வந்தா, மொத நாள் தின்ன சோறு மறுநாள் வாந்தியில அப்படியே வந்தா, திட்டாதீங்க, வயிறு எவ்வளவு நேரத்துல காலியாகுதுன்னு பாக்க சொல்லுங்க.

அந்த டெஸ்ட்டுக்கு திருவனந்தபுரம் போனோம், டாக்டர் என்னையும் சேத்தே பண்ணச் சொன்னாரு. கேஸ்ட்ரிக் எம்ப்டியிங் சின்டிகிராபின்னு பேரு, பேரு தான் பெருசு, காரியம் எளிசு. முட்டை வெள்ளைக்கருவுல துளி டெக்னீசியம்ங்கற கதிரியக்க மருந்த கலந்து வேக வச்சு, ரெண்டு துண்டு ரொட்டி, ஜாம், தண்ணி, மொத்தம் 255 கலோரி, பத்து நிமிஷத்துல சாப்பிடணும். உடனே ஒரு படம், அப்புறம் ஒரு மணி, ரெண்டு மணி, நாலு மணி நேரத்துல படம். நாலு மணி நேரம் கழிச்சு 10 சதவீதத்துக்கு மேல வயித்துல மிச்சம் இருந்தா மெதுவா காலியாகுதுன்னு அர்த்தம். இந்த முறைய 2008-ல அமெரிக்க டாக்டர்கள் சேந்து முடிவு பண்ணினாங்க. முக்கியமா ரெண்டு விஷயம், சில இடத்துல ரெண்டு மணி நேரத்தோட நிறுத்திருவாங்க, அப்படி நிறுத்தினா நெறைய பேரு தப்பிப் போயிருவாங்க, நாலு மணி நேரம் இருந்தே ஆகணும். அப்புறம் வயித்த வேகமாக்குற மாத்திரையும் மெதுவாக்குற மாத்திரையும் டாக்டர் சொல்றபடி ரெண்டு மூணு நாளைக்கு முன்னாலேயே நிறுத்தணும், அன்னிக்கு சுகர் 275-க்கு கீழ இருக்கணும், இல்லன்னா ரிசல்ட் நம்ப முடியாது. முட்டை தின்னாதவங்க என்ன பண்றதுன்னா, கொச்சியில முட்டையும் கோதுமையும் இல்லாத சைவ சாப்பாட்ட வச்சு நார்மல் அளவுகளை கணக்கு பண்ணி 2014-ல வெளியிட்டிருக்காங்க. ஏன்னா அந்த 10 சதவீதம்ங்கறது முட்டை வெள்ளைக்கரு சாப்பாட்டுக்கு மட்டும் உள்ள கணக்கு, இட்லிய குடுத்துட்டு அதே அளவ வச்சு பாக்க முடியாது.

நாலு மணி நேரம் நானும் அக்காவும் அந்த வராந்தாவுல உக்காந்து பழைய கதையெல்லாம் பேசிட்டு இருந்தோம். ரிசல்ட் வந்துச்சு, அக்காவுக்கு 31 சதவீதம் மிச்சம், எனக்கு 6. அவளுக்கு கேஸ்ட்ரோபரேசிஸ், எனக்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா. வெளிய வரும்போது அக்கா சொன்னா "உனக்கு கொள்ளாம் பிள்ளே, உனக்கு ஒண்ணும் இல்ல". அவளும் அந்த வார்த்தைய தான் சொன்னா.

எனக்கு இந்த இடம் தான் ரொம்ப நாள் உறுத்திட்டே இருந்துச்சு, அப்புறம் தான் 2021-ல வந்த இன்னொரு ஆராய்ச்சி கண்ணுல பட்டது. அமெரிக்காவுல பல பெரிய ஆஸ்பத்திரிகள் சேந்து பண்ணினது, ஜே பஸ்ரிச்சா தலைமையில, மொத்தம் 944 பேரு, அதுல 720 பேருக்கு கேஸ்ட்ரோபரேசிஸ், 224 பேருக்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா. 48 வாரம் கழிச்சு இதே ஸ்கேன திரும்ப எடுத்தா, கேஸ்ட்ரோபரேசிஸ்னு இருந்தவங்கள்ல 42 சதவீதம் பேருக்கு நார்மலா வருது, ஃபங்ஷனல்னு இருந்தவங்கள்ல 37 சதவீதம் பேருக்கு மெதுவா காலியாகுதுன்னு வருது! ஆனா அவங்க படுற கஷ்டம் அப்படியே தான் இருக்கு, ஸ்கேன் ரிசல்ட் மாறினதுக்கு ஏத்த மாதிரி கஷ்டம் கூடவோ கொறையவோ இல்ல. சில பேருக்கு வயித்து சுவரோட முழு தடிமன்ல துண்டு எடுத்து பாத்தப்போ ரெண்டு கூட்டத்துலயும் அந்த கஹால் செல்கள் கொறஞ்சிருக்கு, அதுகள பாதுகாக்குற ஒரு வகை மேக்ரோஃபேஜ் செல்களும் கொறஞ்சிருக்கு. இது ரெண்டு நோய் இல்ல, ஒரே நோயோட ரெண்டு முனையா இருக்கலாம்ங்கறாங்க. நான் இத அக்காவுக்கு போன்ல வாசிச்சு காட்டினேன், அவ கொஞ்ச நேரம் பேசல்ல, அப்புறம் "அப்போ நாம ரெண்டு பேரும் ஒண்ணு தானா"ன்னு கேட்டா.

இத எல்லா டாக்டர்களும் அப்படியே ஏத்துக்கல்ல. வயிறு காலியாகுற வேகத்துக்கும் கஷ்டத்துக்கும் சம்பந்தம் உண்டா இல்லையாங்கறதே பெரிய வழக்கு. 2013-ல பழைய ஆராய்ச்சிகள எல்லாம் சேத்து பாத்தவங்க, வேகம் கூடினா கஷ்டம் கொறையும்னு சொல்ல முடியல்லன்னு எழுதினாங்க. 2019-ல இன்னொரு குழு அதுல சரியான முறையில அளந்த ஆராய்ச்சிகள மட்டும் தனியா பிரிச்சு பாத்துட்டு, இல்ல, சம்பந்தம் உண்டுன்னாங்க. எனக்கு ரெண்டாவது சொன்னதுல நியாயம் தெரியுது, தப்பான ஸ்கேல வச்சு அளந்த நூறு கணக்கு சேந்தாலும் சரியான விடை வராது. ஆனாலும் ஒரு தடவ எடுத்த ஒரே ஸ்கேன வச்சு ஒருத்திய ஆயுசுக்கும் இந்த பக்கம் அந்த பக்கம்னு பிரிக்கிறதுல எனக்கு இப்போ நம்பிக்கை இல்ல.

மருந்து விஷயத்துக்கு வாறேன். மொதல்ல எச். பைலோரி கிருமி, நம்ம நாட்டுல ரொம்ப சாதாரணம். இது தான் அல்சருக்கு காரணம்னு கண்டுபிடிச்சதுக்கு பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல நோபல் பரிசு, மார்ஷல் அந்த கிருமிய தானே குடிச்சு காட்டினாரு. அல்சர் இல்லாத டிஸ்பெப்சியாவுலயும் கிருமி இருந்தா அத அழிக்கணும், கிட்டத்தட்ட 14 பேருக்கு குடுத்தா ஒருத்தருக்கு முழுசா சரியாகும், கேக்க கொறச்சல் மாதிரி இருக்கும், அந்த ஒருத்தருக்கு அது வாழ்க்கை. எனக்கு கிருமி இருந்துச்சு, ரெண்டு வாரம் மருந்து தின்னு கிருமி போச்சு, கஷ்டம் போகல்ல.

அடுத்து நான் சொல்ல வேண்டிய முக்கியமானது, காலைல வெறும் வயித்துல போடுற அந்த கேப்சூல், அமிலத்த கொறைக்கிற பான்டோப்ரசோலும் வயித்த வேகமாக்குற டோம்பெரிடோனும் சேந்தது. நம்ம ஊர்ல மெடிக்கல் ஸ்டோர்ல "கேஸுக்கு குடுங்க"ன்னா இது தான் கையில வரும், நான் மூணு வருஷம் தெனமும் தின்னேன், யாரும் நிறுத்த சொல்லல்ல. ஐரோப்பாவுல 2014-ல டோம்பெரிடோன் இதயத் துடிப்ப கெடுக்க வாய்ப்பு உண்டுன்னு சொல்லி குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் மூணு வேளை, பொதுவா ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம்னு கட்டுப்பாடு போட்டாங்க. எங்க அப்பாவுக்கு முன்னால குடுத்த சிசாப்ரைடும் அப்படித்தான், அமெரிக்காவுல 2000-ல எடுத்துட்டாங்க, நம்ம நாட்டுல 2011-ல தான் தடை வந்துச்சு, அதுக்கு நடுவுல பதினோரு வருஷம். குமட்டலுக்கு குடுக்குற மெட்டோக்ளோப்ரமைடும் கவனமா இருக்க வேண்டிய மருந்து, 12 வாரத்துக்கு மேல தின்னா வாயும் நாக்கும் தானா ஆடுற ஒரு கோளாறு வந்து நிரந்தரமா நிக்கலாம்னு அமெரிக்காவுல 2009-ல கடுமையான எச்சரிக்கை போட்டிருக்காங்க. இதுகளெல்லாம் தேவப்படுற ஆளுக்கு தேவப்படுற மருந்து தான், அக்காவுக்கும் வாந்தி கூடும்போது டாக்டர் இசிஜி பாத்துட்டு கொஞ்ச நாளைக்கு குடுப்பாரு. கடையில நாமளா வாங்கி வருஷக்கணக்கா தின்னக்கூடாது, அத தான் சொல்றேன்.

எனக்கு கடைசியில ஓரளவு கேட்டது அமிட்ரிப்டிலின், ராத்திரி 10 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாங்க. டப்பாவுக்குள்ள இருந்த பேப்பர்ல மன அழுத்தத்துக்கானதுன்னு பாத்ததும் இவரு "இது மண்டைக்குள்ள மாத்திரையில்லா"ன்னாரு, நானும் மறுபடி டென்ஷன் கேஸ்னு தள்ளிட்டாங்கன்னு ரெண்டு வாரம் தொடல்ல. அப்புறம் தான் டாலி குழு 2015-ல வட அமெரிக்காவுல 292 பேர வச்சு பண்ணின ஆராய்ச்சிய படிச்சேன். அமிட்ரிப்டிலின் தின்னவங்கள்ல 53 சதவீதம் பேருக்கு நல்ல நிவாரணம், சும்மா மாவு மாத்திரை தின்னவங்கள்ல 40, எஸிடலோப்ராம்னு இன்னொரு மன அழுத்த மாத்திரைக்கு 38. ரெண்டுமே மன அழுத்தத்துக்கு உள்ள மாத்திரை தான், மனசு மட்டும் காரணம்னா ரெண்டும் ஒரே மாதிரி கேட்டிருக்கணும்லா? அமிட்ரிப்டிலின் வயித்துல இருந்து மூளைக்கு போற வலி நரம்புகள அமத்துதுன்னு சொல்றாங்க. வலி அதிகம் உள்ளவங்களுக்கு தான் கேட்டுச்சு, வயிறு மெதுவா காலியாகுறவங்களுக்கு சரியா கேக்கல்ல. அதாவது எனக்கு உள்ள மாத்திரை அக்காவுக்கு ஆகாது. ரெண்டும் ஒரே நோயோட ரெண்டு முனைன்னு சொன்னாலும், மருந்து குடுக்கும்போது எந்த முனையில நிக்கோம்னு பாத்து தான் ஆகணும். மாவு மாத்திரைக்கே 40 சதவீதம் பேரு தேறினாங்களே, அதுவும் எனக்கு முக்கியமா படுது, ஒரு டாக்டர் உக்கார வச்சு கேட்டு, இது நெசமான நோய் தான், பாப்போம்னு சொன்னதுலயே அதுல ஒரு பங்கு இருக்கும்னு நான் நெனைக்கிறேன்.

சாப்பிட்ட பின்ன வர்ற நெறைவுக்குன்னே ஜப்பான்ல 2013-ல அகோடியமைட்னு ஒரு மருந்து வந்துச்சு, இங்கயும் கெடைக்குது. அவங்க ஆராய்ச்சியில நாலு வாரத்துல 52 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், மாவு மாத்திரையில 35. மருந்து எதுவும் கேக்காத கடுமையான கேஸ்ட்ரோபரேசிஸுக்கு வாய் வழியா எண்டோஸ்கோப்ப விட்டு வயித்தோட வாசல் தசைய கீறி விடுற ஜிபோயம்னு ஒரு முறை இருக்கு, மனுஷங்களுக்கு மொதல்ல பண்ணினது 2013-ல வெளிவந்துச்சு. பிராக்ல 41 பேர ரெண்டா பிரிச்சு, பாதி பேருக்கு பண்ணினதா நம்ப வச்சு பண்ணாம விட்டு பாத்தாங்க, 2022-ல ரிசல்ட், ஆறு மாசத்துல நெசமா பண்ணினவங்கள்ல 71 சதவீதம் பேருக்கு நல்லாச்சு, பண்ணாதவங்கள்ல 22. அக்காவுக்கு அந்த அளவுக்கு இன்னும் போகல்ல. ஒரு விஷயம் இடையில சொல்லிருதேன், சுகருக்கும் எடை கொறைக்கவும் இப்போ செமாக்ளூடைடுன்னு ஊசியும் மாத்திரையும் வருதே, அது வயிறு காலியாகுறத மெதுவாக்கும், ஏற்கனவே இந்த தொந்தரவு உள்ளவங்க டாக்டர்கிட்ட அத மறைக்காம சொல்லணும்.

சாப்பாடு தான் எங்க வீட்டுல பெரிய மாற்றம். ஸ்வீடன்ல சுகரும் கேஸ்ட்ரோபரேசிஸும் உள்ள 56 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு 20 வாரம், முள்கரண்டியால அமுக்கினா மசியுற சாப்பாடு மட்டும் குடுத்து பாத்தாங்க, அவங்களுக்கு குமட்டலும் வாந்தியும் நெறைவும் நல்லா கொறஞ்சுது. நம்ம அடுக்களையில அத எப்படி பண்றதுன்னு நானும் அக்காவும் சேந்து தான் கண்டுபிடிச்சோம். சம்பா அரிசி கஞ்சிய நல்லா குழைய வச்சு கடைஞ்சு, கூட தோல் நீக்கின பாசிப்பருப்பு. மரச்சீனி கிழங்கு நடு நார உருவிட்டு மசிச்சது கொஞ்சமா. தேங்கா அரைச்ச மீன் கறிக்கு பதிலா தேங்கா சேக்காத புளிக்கறி, அதுவும் எண்ணெய் கொறச்சு, மீன முள்ளெடுத்து உதுத்து. சக்கைப்பழமும் பனங்கிழங்கும் அக்காவுக்கு கெடையவே கெடையாது, நார் அரைபடாம வயித்துல உருண்டையா கட்டிக்கிடும், பனங்கிழங்கு அவளுக்கு உசுரு, பொங்கல் சமயத்துல அந்த பக்கமே போகமாட்டா. மூணு வேள சோத்த ஆறு வேளையா பிரிச்சாச்சு, தின்ன உடனே படுக்குறது கெடையாது. இன்சுலின எப்போ போடணும்ங்கறத டாக்டர் மாத்தி குடுத்தாரு, அதுக்கப்புறம் அந்த மாதிரி லோ ஒரு தடவ தான் வந்துருக்கு.

வாந்தியில ரத்தம், கருப்பா வெளிக்கு போறது, முழுங்கும்போது தடங்கல், காரணம் இல்லாம எடை கொறையறது, ரத்த சோகை, 60 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிக்கிற தொந்தரவு, இதுல ஒண்ணு இருந்தாலும் நான் எழுதினது எதையும் பாத்துட்டு இருக்காம எண்டோஸ்கோப்பிக்கு போயிருங்க, அது வேற வகை, தாமதிக்கப்படாது.

வர்ற மாசம் அக்காவுக்கு அந்த ஸ்கேன திரும்ப எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. முந்தாநாள் போன் பண்ணி ரொம்ப நேரம் சுத்தி வளைச்சு பேசிட்டு கடைசியில தான் கேட்டா, "பிள்ளே, இந்த தடவ நார்மல்னு வந்துட்டா எனக்க வாந்திய யாரு நம்புவா?" ஆறு மாசமா நான் அவள ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுத சொல்லியிருக்கேன், எத்தன மணிக்கு என்ன தின்னா, எத்தன ஸ்பூன், எப்போ நெறஞ்சுது, எப்போ குமட்டிச்சு, சுகர் எவ்வளவு, எல்லாம். முதல் நோட்டு தீந்து ரெண்டாவது நோட்டுல பாதி வந்துட்டா. அந்த ரெண்டு நோட்டையும் ஒரு கவர்ல போட்டு வைக்க சொன்னேன், நானும் லீவு எழுதி குடுத்துட்டேன், ஸ்கேன் ரிசல்ட் கூட அதையும் சேத்து டாக்டர் மேசையில வைக்க போறோம்.